கேளுங்கள், பதில் தருகிறோம்: பழவேற்காட்டுக் கல்லறையிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை

கேள்வி: என் மகன் ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கிறான். வரும் சித்திரையில் பத்து நாள் அங்கே தங்கப் போகிறேன். எங்கள் ஊர் டச்சுக் கல்லறையைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கற்களின் கீழே கிடப்பவர்கள் புறப்பட்டு வந்த இடங்களை அங்கே பார்க்க முடியுமா? காற்றாலையும் பூந்தோட்டமும்தான் பார்க்க வேண்டியவை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
– வாசகி, பழவேற்காடு

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். பூந்தோட்டத்துக்கு ஒரு நாள் போதும். மற்ற நாட்களைத் தங்கள் ஊர்க் கற்களே பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

முதலில் ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய அவுட கெர்க் என்னும் பழைய தேவாலயத்துக்குச் செல்லுங்கள். 1306இல் அர்ச்சிக்கப்பட்ட கோவில் அது. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்க்காமல் குனிந்து பாருங்கள். தரை முழுவதும் கல்லறைப் பலகைகள்தான். ஓவியர் ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியாவையும் 1642இல் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். பழவேற்காட்டில் புடைப்பாகச் செதுக்கியிருக்கும் குடும்பச் சின்னங்களும் நெருக்கமான டச்சு எழுத்தும் அங்கேயும் உண்டு. ஆனால் நூற்றாண்டுகளாக மக்கள் மிதித்து நடந்ததால் பல கற்களில் எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. விரலால் தடவிப் படிக்கும் அளவுக்கு எழுத்து தெளிவாக நிற்பது நம் ஊரில்தான் என்பதை அங்கே நிற்கும்போது உணர்வீர்கள்.

சுவர்கள் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கின்றன என்ற கேள்வியும் அங்கே எழும். 1566இல் நெதர்லாந்தெங்கும் கத்தோலிக்கக் கோவில்களின் சிலைகளை மக்கள் கூட்டம் கூட்டமாக உடைத்தார்கள். 1578இல் ஆம்ஸ்டர்டாம் நகரமே சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையின் கைக்கு மாறியது. புனிதர்களின் உருவங்களுக்கு இடமில்லாத அந்தச் சபையில் சிற்பியின் கைத்திறன் ஒதுங்கிய இடங்களுள் ஒன்று கல்லறைப் பலகை. தங்கள் ஊர்க் கல்லறை வாசலில் நிற்கும் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்களும் அந்த வழக்கத்திலிருந்து வந்தவையே. பிள்ளைகள் அவற்றைப் பேய் என்று பயப்படுவார்கள். உள்ளே வருபவரிடம் சாவை மறக்காதே என்று சொல்வதற்காக வைத்தவை அவை.

அடுத்து, அவுட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் உள்ள கிழக்கிந்திய மாளிகை. இப்போது பல்கலைக்கழகக் கட்டடமாக இருக்கிறது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகக் குழுவான 'பதினேழு பிரபுக்கள்' கூடிய மாளிகை அது. பழவேற்காட்டில் எத்தனை கட்டு துணி வாங்குவது என்பது போன்ற முடிவுகள் அவர்களுடையவை. கம்பெனியின் முத்திரையை மனத்தில் பதித்துக்கொண்டு போங்கள்: பெரிய 'வி' எழுத்து, அதன் இடக் காலில் 'ஓ', வலக் காலில் 'சி'. அதன் தலைக்கு மேல் சில பொருட்களில் இன்னோர் எழுத்தும் இருக்கும். கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹூர்ன், எங்க்ஹௌசன் என்று ஆறு நகரங்களில் கிளைகள் இருந்தன. ஆம்ஸ்டர்டாமுக்கு 'ஏ', ஹூர்னுக்கு 'ஹெச்' என்று அந்த எழுத்து கிளையைக் காட்டும். அருங்காட்சியகத்துப் பீரங்கியில் அதைத் தாங்களே படித்துவிடலாம்.

நேரம் குறைவாக இருந்தால் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது ஹூர்னுக்கும் எங்க்ஹௌசனுக்கும் போய்வாருங்கள் என்பேன். இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. கடைசி நிலையமான எங்க்ஹௌசனுக்குச் சுமார் ஒரு மணி நேரப் பயணம். அங்கே கம்பெனி சரக்கு வைத்திருந்த மிளகுக் கிடங்கு இன்று அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. கரையில் நின்றால் கடல் போலத்தான் தெரியும். ஆனால் 1932இல் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அணையைக் கட்டிக் கடலை அடைத்துவிட்டதால் இன்று அது நன்னீர் ஏரி. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடுமோ என்று ஆண்டுதோறும் கவலைப்படும் ஊரிலிருந்து போகும் தங்களுக்கு, கடலைத் தாங்களே அடைத்துக்கொண்ட அந்த ஊர் நிறையவே யோசிக்கத் தரும்.

ஹூர்ன் சதுக்கத்தில், கீழைத் தீவுகளில் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த யான் பீட்டர்சோன் கூன் என்பவரின் சிலை நிற்கிறது. 1893இல் வைத்தது. பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) நகரை நிறுவியவர். ஜாதிக்காய்க்காக 1621இல் பாண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் அழித்தவரும் அவரே. அந்தச் சிலை அங்கே நிற்கலாமா என்று உள்ளூர் மக்களே வாதாடியிருக்கிறார்கள். இது நமக்குத் தொலைவான கதையல்ல. கீழைத் தீவுகளில் நறுமணப் பொருட்களுக்கு மாற்றாகக் கேட்டது நம் கரைத் துணியை; சாயவேரில் சிவப்பேற்றிய துணிகள் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறின. துணியோடு மனிதர்களும் ஏறினார்கள். பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பட்டேவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறைக் கல் எங்குமே இல்லை. சிலையின் முன்னே நிற்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் ஆர்வம் இருந்தால் வடக்கே லீவார்டன் நகரின் ஃப்ரீஸ் அருங்காட்சியகம் வரை போகலாம். அங்கே 'சிட்ஸ்' என்று வைத்திருப்பது நம் பாட்டிமார் சொன்ன சீட்டித் துணிதான்; சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தது. காளத்தி கலம்காரியைக் கிட்டத்தில் பார்த்த கண்ணுக்கு அந்தக் கொடியும் பூவும் புதிதாக இருக்காது.

கேள்வி: பழவேற்காட்டுக் கோட்டையின் பெயர் கெல்டிரியா. ஹாலந்து, நெதர்லாந்து என்றும் சொல்கிறோம், ஒல்லாந்தர் என்றும் எழுதுகிறோம். எது சரி?
– வாசகர், சூளூர்ப்பேட்டை

பதில்: நாட்டின் பெயர் நெதர்லாந்து. ஹாலந்து அதில் ஒரு பகுதி. இன்றைய பன்னிரண்டு மாகாணங்களில் வட ஹாலந்து, தென் ஹாலந்து என இரண்டு. ஸ்பெயின் அரசருக்கு எதிராக எண்பது ஆண்டுகள் போராடி 1648இல் முழு விடுதலை பெற்ற ஏழு மாகாணங்களில் பணமும் கப்பலும் மிகுந்தது ஹாலந்து என்பதால், வெளியூரார் வாயில் அதுவே நாட்டின் பெயராயிற்று. நம் 'ஒல்லாந்தர்' போர்த்துகீசியர் உச்சரிப்பு வழியாக வந்தது. கெல்டர்லாந்து அந்த ஏழில் இன்னொன்று. 1613இல் கோட்டை எழுந்தபோது இங்கே தலைமை வகித்த வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணத்தின் பெயரை அதற்கு இட்டார்.

கேள்வி: ஐரோப்பியப் பழைய ஆவணங்களில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதிகள் வருகின்றன. எழுதியவர்களின் பிழையா?
– வாசகர், ஊத்துக்கோட்டை

பதில்: பிழை அல்ல, இரண்டு நாட்காட்டிகள். போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் பழைய நாட்காட்டியைத் திருத்தி, அக்டோபர் 4க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 ஆக்கினார். ஹாலந்து உடனே ஏற்றது. அதன் பக்கத்து மாகாணமான கெல்டர்லாந்து 1700 வரையிலும், இங்கிலாந்து 1752 வரையிலும் ஏற்கவில்லை. ஆகவே ஒரே நாட்டுக்குள் ஊர் மாறினால் தேதியும் பத்து நாள் மாறியது. போதாததற்கு இங்கிலாந்தில் புத்தாண்டே அப்போது மார்ச் 25இல்தான் பிறந்தது.

நம் கரையிலேயே இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஹாலந்துக் கணக்கைப் பின்பற்றிய பழவேற்காட்டு டச்சுக்காரர் 1650 மார்ச் 15 அன்று ஒரு கடிதம் எழுதி, அது இரண்டு நாளில் சென்னைக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்த ஆங்கிலேயக் கணக்கர் அதைப் பெற்ற தேதியாக எழுதுவது 1649 மார்ச் 7.