பந்து உருட்டல்: மும்பைப் பெற்றோர் கேட்டதும் என் பதிலும்

தாராவியிலும் செம்பூரிலும் 18 வருடமாகச் சின்ன வகுப்புகளுக்குப் பி.டி. எடுக்கிறேன். மழை பிடித்துக்கொண்டு மைதானம் சேறானதும் பந்து உருட்டலைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

டீச்சர், என் பையனுக்கு 3 வயது. பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறோம். உருட்டச் சொன்னால் தூக்கி எறிகிறான். (தாராவி)

நிற்க வைக்காதீர்கள் அம்மா. காலை அகட்டி உட்காரச் சொல்லுங்கள், எதிரே நீங்களும் அப்படியே உட்காருங்கள். இரண்டு கையாலும் தள்ளட்டும். சுமார் 20 செ.மீ. அகலமுள்ள ரப்பர் பந்து போதும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். அப்போது துள்ளாது, சின்னக் கைக்கும் அடங்கும். உங்கள் அறை தாராளம்.

யுகேஜி பிள்ளைகள் உருட்டினால் பந்து ‘தொம்’மென்று விழுந்து துள்ளுகிறது. ‘குனி, குனி’ என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். (மாட்டுங்கா, புது ஆசிரியை)

‘குனி’ என்றால் பிள்ளை இடுப்பை மட்டும் வளைக்கும். தலை தொங்கும், கண் தரையைப் பார்க்கும், கை மட்டும் உயரத்திலேயே நிற்கும். மடங்க வேண்டியது முழங்கால். வகுப்பு பெஞ்ச் ஒன்றை இரண்டடி தள்ளிப் போட்டு, பந்து அதற்கு அடியில் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். போன வாரம் ஒரு குட்டிப் பெண் அடியில் எட்டிப் பார்த்தாள், முழங்கால் தானாக மடங்கியது, பந்து சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம் கால். வலது கையால் உருட்டினால் இடது கால் முன்னே வரணும். அந்தக் காலில் சிவப்பு ரிப்பன் கட்டி, ‘ரிப்பன் கால் முன்னே’ என்றால் புரிந்துகொள்வார்கள். பந்தை விட்ட கை இலக்கை நோக்கியே நீளட்டும்.

இன்னொன்று, 40 பேரை ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். காத்திருந்தே பீரியட் முடிந்துவிடும். எத்தனை பந்து கிடைக்கிறதோ அத்தனை சின்னக் குழுவாகப் பிரித்து எதிரெதிரே விடுங்கள்.

என் பெண் இடது கைக்காரி. மாற்றலாமா? (வாஷி)

வேண்டாம். ரிப்பனை வலது காலுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

மகனுக்குப் பார்வை குறைவு. ‘ஓரமாக உட்காரட்டும்’ என்கிறது பள்ளி. (சயான்)

படிக்கும்போதே மனசு கனத்தது. ஓரமாக உட்கார வைக்க எந்தக் காரணமும் இல்லை. பார்வையற்றோருக்கான கோல்பால் விளையாட்டே உருட்டல்தான். பந்துக்குள் மணி இருக்கும், சத்தத்தை வைத்துத் தடுப்பார்கள். 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அந்தப் பந்து 1.25 கிலோ, குழந்தைக்குக் கனம். சாதாரணப் பந்தையே சரசரக்கும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள், உருளும் சத்தம் கேட்கும். இலக்குக்குப் பின்னால் நின்று நீங்கள் கை தட்டுங்கள். இதைப் பள்ளியிலும் செய்து காட்டுங்கள்.

பேரனுக்கு 5 வயது. பாட்டிலை நிறுத்தி அடிக்கச் சொன்னால் நாலு தடவை தவறியதும் அழுகிறான். கிரிக்கெட்டுக்கே போய்விடலாமா? (செம்பூர், தாத்தா)

தூரம் அதிகம் ஐயா. பாட்டிலை ஐந்தடிக்குள் கொண்டுவாருங்கள், ஒன்றுக்குப் பதில் ஆறாக நெருக்கி வையுங்கள். எதையாவது ஒன்றைச் சாய்ப்பான். நன்றாக விழ ஆரம்பித்ததும் ஓரடி தள்ளுங்கள். கிரிக்கெட்டும் இதிலேயே இருக்கிறது: நீங்கள் உருட்டுங்கள், அவன் தடுக்கட்டும். பந்துக்கு நேராக வந்து, சுண்டுவிரல்கள் ஒட்டி, விரல் நுனி தரையைத் தொடணும். உங்களுக்கு முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே உருட்டலாம்.