24 வோல்ட் மோட்டார் பாதியில் நிற்கிறதா? குட்டை வயரைப் பாருங்க

வணக்கம்ங்க. பவானிசாகர் அணையில் முழு வேகம் வைத்ததும் டிரோலிங் மோட்டார் (படகை மெதுவாக ஓட்டும் பேட்டரி மோட்டார்) இழுவை குறைந்து நின்றுவிடுகிறது, கரைக்கு வந்து அளந்தால் இரண்டு பேட்டரியும் 12.6 வோல்ட் காட்டுகிறது என்று எழுதியிருந்தீங்க.

சும்மா இருக்கும்போது காட்டும் அளவை நம்பாதீங்க. படகைக் கரையோரம் இறுக்கிக் கட்டி, விசிறி தண்ணீருக்குள் சுற்றும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளங்க. ஒன்று 12-ஐ ஒட்டி நிற்க, மற்றது 10-க்குக் கீழே சரிந்தால் அந்தப் பேட்டரி முடிந்தது. ஜோடியாகவே மாற்றுங்க, பழசோடு புதுசைச் சேர்க்க வேண்டாம்.

இரண்டும் தாங்கினால், ஒன்றின் பிளஸ்ஸையும் அடுத்ததன் மைனஸையும் சேர்க்கும் குட்டை வயர் மேல்தான் எனக்குச் சந்தேகம். மோட்டார் ஓடும்போதே மீட்டர் முனைகளை அந்த வயர் மாட்டியிருக்கும் இரண்டு பேட்டரி ஈயக் குமிழ்களிலும் வையுங்க. கிட்டத்தட்ட சுழியம் காட்டணும். 40 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.02 ஓம் தடை இருந்தாலே 0.8 வோல்ட் போய்விடும், அதுவும் 32 வாட் சூடாக. வயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கைத் தொட்டாலே தெரியும்.

என் படகிலும் இதேதான் நடந்தது. மேலே பளபளவென்று இருந்த லக்கைக் கழற்றினால், செம்பு இழைகள் பச்சைக் களிம்பு ஏறிப் பொடியாக உதிர்ந்தன. தடித்த வயரில் புது லக்கை நசுக்கிப் பொருத்தினேன், அப்புறம் தொந்தரவே இல்லை.

கழற்றும்போது ஸ்பேனர் பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாதுங்க, பெரும் தீப்பொறி பறக்கும். அளந்த எண்களை இங்கே போடுங்க, பார்க்கலாம்.