எங்கள் ஒழுங்கையில் 18 வீடுகள். எல்லோரும் சேர்ந்து கேபிள் ரீவி எடுத்தால் மலிவாக வருமா? கேபிள்காரரிடம் எப்படிப் பேசுவது?

மலிவாக வரும். ஆனால் காசைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழும்பி வராதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எங்கள் ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம். 17 வீடுகள். சிலரிடம் டிஷ் இருந்தது, மூன்று வீட்டில் தொலைபேசி லைனில் வரும் பியோ ரீவி, மிச்சப் பேர் கூரையில் அண்டெனாவோடு இருந்தார்கள். கேபிள் வயர் றோட்டு வரைக்கும் வந்து நின்றது. பத்து வீடாவது சேர்ந்தால் உள்ளே இழுக்கலாம் என்று கேபிள்காரர் சொன்னார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூடிக் கதைத்து 12 வீடு சேர்த்தோம். வீட்டுக்கு மாதம் 200 ரூபா குறைத்தார்கள், இணைப்புக் கட்டணத்திலும் பாதியை விட்டார்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே பில். காசு சேர்த்துக் கட்டுவது என் பொறுப்பு. அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோசம்.

அந்த வருடம் நல்லூர்க் கந்தசாமி கோயிலில் இருபதாம் திருவிழா அன்று, கல் ஏற்றி வந்த லொறி ஒன்று ஒழுங்கைக்குள் வயரை அறுத்துக்கொண்டு போனது. கேபிள்காரருக்குத் தொலைபேசி எடுத்தால், "றோட்டு வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு, உள்ளே போவது உங்கள் வயர்" என்றார்கள். அப்படி ஒரு பேச்சு எங்கள் கூட்டத்தில் வந்ததே இல்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. திருத்தி முடிக்க ஆறு நாள் சென்றது. அதற்குள் 24ஆம் நாள் தேரும் மறுநாள் தீர்த்தமும் முடிந்துவிட்டன.

மூன்றாவது வீட்டு ஆச்சி இடுப்பு முறிந்து படுக்கையில் இருந்தவர். தேரை நேரலையில் பார்ப்பதற்கென்றே மகள் அந்த இணைப்பை எடுத்துக் கொடுத்திருந்தார். தேரன்று காலை நான் என் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். அந்தச் சின்னத் திரையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "சரி தம்பி, சத்தம் கேட்குதுதானே" என்று கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த தேருக்கு ஆச்சி இல்லை. 200 ரூபாவைக் குறைக்க இரண்டு மணித்தியாலம் கதைத்த எனக்கு, வயர் அறுந்தால் யார் வருவார் என்று கேட்கத் தோன்றவில்லையே என்பது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

அடுத்த முறை பேசப் போனபோது முதல் கேள்வியே அதுதான். சுவரில் உள்ள சொக்கெட் வரைக்கும் அவர்களின் பொறுப்பு என்று எழுதி வாங்கினோம். முறைப்பாடு கொடுத்து 48 மணித்தியாலத்துக்குள் ஆள் வர வேண்டும். மூன்று நாளுக்கு மேல் படம் இல்லாவிட்டால் அந்த நாட்களுக்கான காசு கழிய வேண்டும். ஒரு பக்கத் தாள்தான். ஆனால் அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்னை மட்டை விழுந்து வயர் அறுந்தபோதெல்லாம் ஆள் வந்தார்.

சிக்னல் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வயரை இரண்டாகப் பிரித்தால் சிக்னலில் ஏறத்தாழ 3.5 டெசிபெல் இழப்பு; ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவான சக்திதான் போகும். நான்காகப் பிரித்தால் இழப்பு 7 அளவில் வரும். வீட்டுக்குள் இழுக்கும் ஆர்ஜி 6 வயரையே ஒழுங்கை முழுக்க இழுத்தால், 100 மீற்றரில் உயர் அதிர்வெண் சேனல்களுக்கு 20 டெசிபெல் வரை குறையும். றோட்டுப் பக்கத்து முதல் வீட்டில் படம் பளிச்சென்று இருக்கும், கடைசி வீட்டில் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். அதனால் மெயின் லைனுக்குத் தடித்த ஆர்ஜி 11 வயர் கேளுங்கள். சிக்னலை மீற்றர் கருவி வைத்து அளப்பதைக் கடைசி வீட்டில் அளக்கச் சொல்லுங்கள்.

இடையில் சிக்னலைக் கூட்டும் அம்ப்ளிஃபயர் வைத்தால் அதற்குக் கரண்ட் யாருடைய வீட்டிலிருந்து என்று கேளுங்கள். எங்களுடையது நடுவில் உள்ள வீட்டு மதிலில் இருந்தது. அவர்கள் கொழும்புக்குப் போகும்போது மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை, யாரும் சொல்லி வைக்கவில்லை. பின்னால் உள்ள ஏழு வீட்டுக்கும் ஒரு கிழமை படம் இல்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் எங்களுக்குக் கரண்ட் இருந்தாலும் அம்ப்ளிஃபயருக்கு இருக்காது, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வேறு வேறு லைன் என்பதால். இப்போது அந்தக் கரண்டைக் கேபிள்காரரே தன் பெட்டியிலிருந்து, பற்றரியோடு கொடுக்கிறார்.

ஒரே பில் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். விலையைச் சேர்ந்து பேசுங்கள், காசை அவரவர் கட்டட்டும். இரண்டு வீட்டில் காசு பிந்தியதால் பன்னிரண்டு வீட்டுக்கும் நிறுத்தினார்கள். ஒருவர் கடலுக்குப் போக முடியாமல், வருமானம் இல்லாமல் இருந்தவர். அவர் படலையைத் தட்டிக் காசு கேட்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சேர விருப்பம் இல்லாதவர்களையும் வற்புறுத்தாதீர்கள். 18 வீட்டில் 13 சேர்ந்தாலே பேசப் போதும்.

ஒருவர் டிஷ் எடுத்து எல்லோருக்கும் வயர் இழுத்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லுவார்கள், எங்கள் கூட்டத்திலும் சொன்னார்கள். செய்யாதீர்கள். அந்த இணைப்பு ஒரு வீட்டுக்கானது. கேபிள் விநியோகத்துக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்களுக்கு இணைப்புத் தருபவரிடமும் அது இருக்கிறதா என்று கேட்டு, ஒரு பிரதி வாங்கி வையுங்கள். வயரை மின்கம்பத்தில் கட்டுவதாக இருந்தால் அதற்கான அனுமதியையும் அவரே எடுக்க வேண்டும்.

கூட்டம் வைக்கும்போது ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். எங்கள் தாளில் உள்ள வரிகளில் பாதி, அந்த ஏழு வீட்டின் கடைசியில் இருக்கும் மாமி சொல்லி எழுதியவை.