கறுப்பாயிருந்தாலும்...

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். பக்கத்து வீட்டு மார்மன் குடும்பம் தங்கமானவர்களாம். ஆனால் அவர்கள் வேதத்தில் கறுப்புத் தோல் ஒரு சாபம் என்று எழுதியிருக்கிறதாமே? எங்கள் குடும்பமே கறுப்பு. இதை அவர்களிடம் கேட்கலாமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: எழுதியிருப்பது உண்மைதான் அம்மா. 1830-இல் மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அதே ஆண்டில் வெளியிட்ட, அவர்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் நூலில், கடவுளை விட்டு விலகிய லாமானியர் என்ற கூட்டத்தார்மேல் 'கறுப்புத் தோல்' வந்தது என்று ஒரு வசனம் இருக்கிறது. அவர்கள் மனந்திரும்பினால் 'வெண்மையான' மக்களாவார்கள் என்று இன்னொன்று. அந்த 'வெண்மையான' என்ற சொல்லை 1840 பதிப்பில் 'தூய்மையான' என்று திருத்தினார்கள். பிந்தைய பதிப்புகளில் பழைய சொல்லே திரும்பி வந்தது. 1981-இல்தான் 'தூய்மை' நிலைத்தது. கறுப்பரும் வெள்ளையரும் கடவுளுக்கு ஒன்றே என்ற வசனமும் அதே நூலில்தான் இருக்கிறது.

எனக்கு இந்த வசனங்களைவிட ஜேன் மானிங் ஜேம்ஸ் என்ற பெண்தான் மனதில் நிற்கிறார். கனெக்டிகட்டைச் சேர்ந்த கறுப்பினப் பெண். 1843-இல் குடும்பத்தோடு மார்மன் ஊரான நாவூவுக்குப் புறப்பட்டார். வழியில் பஃபலோ நகரில் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 800 மைல் நடை. செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, மண்ணில் ரத்தத் தடம் பதிந்ததாக அவரே சொல்லி வைத்திருக்கிறார். பின்னாளில் யூட்டாவுக்கும் சபையோடு போனார். 1852-இல் சபையின் அப்போதைய தலைவர் பிரிகாம் யங், கறுப்பர்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று பகிரங்கமாக அறிவித்தார். ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் அவர்களுக்கு மூடப்பட்டன. ஜேன் கேட்டுக்கொண்டே இருந்தார். 1894-இல் கிடைத்தது என்ன தெரியுமா? எப்போதோ இறந்துபோன ஜோசப் ஸ்மித்துக்கு நித்திய காலத்துக்கும் பணியாளாக ஒரு சடங்கு. அதற்கும் அவரை உள்ளே விடவில்லை, அவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றார். 1908-இல் ஜேன் இறந்தார். தடை நீங்கியது 1978-இல்.

2013-இல் சபை ஒரு கட்டுரை வெளியிட்டு, கறுப்புத் தோல் சாபம் என்ற பழைய விளக்கங்களைக் கைவிடுவதாகச் சொன்னது. நல்லது. ஆனால் அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை, அது எனக்கு உறுத்துகிறது. 2020-ஆம் ஆண்டுக்கான பாடப் புத்தகத்தில் பழைய விளக்கம் மறுபடி அச்சாகி, மூத்த தலைவர் ஒருவர் வருந்த வேண்டியதாயிற்று.

மற்றக் கிறிஸ்தவர்களும் யோக்கியமில்லை. ஆதியாகமத்தில் நோவா சபித்தது தன் பேரன் கானானை. நிறத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. அதைக் கறுப்பர்மேல் ஏற்றி அடிமை வியாபாரத்துக்கு நியாயம் கற்பித்தார்கள். அடிமைமுறைக்காகவே 1845-இல் பிரிந்துபோன அமெரிக்கத் தெற்கு பாப்டிஸ்டு சபையார் மன்னிப்புக் கேட்டது 1995-இல்.

நம் தமிழ் வேதாகமத்தையே எடுங்கள். உன்னதப்பாட்டில் ஒரு பெண் சொல்கிறாள், "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்." பன்னிரண்டு வயதில் ஞாயிறு பள்ளியில் இதை எழுந்து நின்று வாசித்தேன். என் நிறமும் கறுப்புதான். அந்த 'ஆலும்' தொண்டையில் சிக்கியது இன்றும் நினைவிருக்கிறது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரே ஓர் எழுத்து. 'ஆனால்' என்றும் கொள்ளலாம், 'உம்' என்றும் கொள்ளலாம். கறுப்பாயும் அழகாயும் இருக்கிறேன் என்றே அவள் சொல்லியிருக்கலாம். 1989-இல் வந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படித்தான் எழுதுகிறது. நம்முடையதில் 'ஆலும்' அப்படியே கிடக்கிறது.

மகன் தாராளமாகக் கேட்கட்டும். சாபத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டாம், ஜேனைத் தெரியுமா என்று கேட்கட்டும். அவர் கல்லறை சால்ட் லேக் சிட்டியில்தான் இருக்கிறது. அந்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்ப் பார்த்து வரலாம்.