தாமிரபரணிக்கே உரிய கெண்டை: கேள்வி பதில்

கேள்வி (அம்பாசமுத்திரம்): தாமிரபரணியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் எது?

பதில்: அத்தகைய மீன்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. அவற்றுள் கண்ணைக் கவர்வது டாக்கின்சியா தாம்ப்ரபர்னியே என்னும் கெண்டை. மீனியல் அறிஞர் இ. ஜி. சைலஸ் 1954-இல் இதனைக் காவிரியின் அருலியஸ் கெண்டையினுடைய உள்ளினமாக விவரித்தார். பிற்பாடு இது தனி இனமாக ஏற்கப்பட்டது. பக்கவாட்டில் கருந்திட்டுகள் இருக்கும். முதிர்ந்த ஆணின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் நூலிழைகளாக நீண்டு பின்னோக்கிப் படர்ந்திருக்கும்.

கேள்வி (தென்காசி): பக்கத்து ஆறுகளுக்கு இது ஏன் பரவவில்லை?

பதில்: நன்னீர் மீனுக்கு மலை முகடும் கடலும் ஒன்றுபோலத் தடைகளே. பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆறு, அதனுள் வாழும் உயிர்களுக்கு ஒரு தனி உலகம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால் அது வற்றாமலும் இருந்துவந்துள்ளது.

கேள்வி (திருநெல்வேலி): இம்மீன் அருகிவர அணைகள்தாம் காரணமா?

பதில்: அணைகளை மட்டும் குற்றஞ்சொல்வது சரியாகாது. உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் செம்பட்டியல் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகக் குறித்திருப்பதற்குப் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளும் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளும் மீன்கள் மேலும் கீழும் செல்லும் வழியைத் துண்டாடுகின்றன. கார், பிசானம் என்னும் இரு பருவ நெற்பயிர்களுக்கு இந்நீர் இன்றியமையாதது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாசனத்திற்குத் திறந்தது போக ஆற்றுக்கென்று ஒரு பங்கு ஓடவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மணல் எடுப்பு ஆற்றுப்படுகையையே சிதைத்தது. இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. பாபநாசம் படித்துறையில் பரிகாரமாக ஆற்றில் விடப்படும் துணிகள் அடியில் படிந்து பாறைகளை மூடுவதும், சோப்பும் சாக்கடையும் கலப்பதும், திலேப்பியா போன்ற அயல் மீன்கள் பெருகுவதும் இன்றுவரை தொடர்கின்றன.

கேள்வி (பாபநாசம்): மேல்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் உள்ளது. அது போதாதா?

பதில்: போதாது. 1988-இல் அமைந்த அக்காப்பகம் மலையிலுள்ள ஓடைகளுக்குக் காவலாக நிற்கிறது. சமவெளியில் ஓடும் ஆற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

கேள்வி (சென்னை): கடையில் 'அருலியஸ்' என்று வாங்கிய மீன்கள் இவையாக இருக்குமா? அவற்றை ஆற்றில் விட்டால் இனம் பெருகாதா?

பதில்: இருக்கக்கூடும், அப்பெயரில் விற்கப்படும் மீன்களில் தாமிரபரணி இனமும் உண்டு. ஆனால் ஆற்றில் விடவே வேண்டாம். பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை கலப்பினமாக இருக்கலாம். தொட்டி நோய்களையும் ஆற்றுக்குள் கொண்டுசெல்லலாம். அவற்றை ஆயுள் முழுவதும் தொட்டியிலேயே பேணுங்கள். வளர்க்க இயலாவிட்டால் வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படையுங்கள்.