பிள்ளை பார்க்கிறவன் சும்மா இருக்கிறானா?

கேள்வி: என் மனைவி அட்டன் பக்கம் ஆசிரியை. நான் கொழும்பில் புடவைக்கடையில் வேலை செய்தேன். பிரசவ லீவு முடிந்ததும் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, என் அம்மாவுக்கு முடியாது. அறை வாடகை, சாப்பாடு போக என் சம்பளத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதனால் வேலையை விட்டு வந்தேன். மகளுக்கு இப்போது ஒன்றேகால் வயது. 'பொண்டாட்டி சம்பளத்தில் குந்தித் தின்கிறான்' என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பேசுகிறார்கள். நான் பிஸ்னஸ் செய்வதாக மனைவி பாடசாலையில் சொல்லி வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் 'சும்மா இருக்கேன்' என்றுதான் எனக்கும் வாயில் வருகிறது. நான் செய்தது பிழையா அக்கா?
(பெயர் வேண்டாம், பொகவந்தலாவை)

பதில்: தம்பி, நீங்கள் செய்தது பிழையில்லை. அந்த 'சும்மா'தான் பிழை.

நம் மலைநாட்டில் பெண் சம்பாதிப்பது என்றைக்குப் புதிது? தேயிலைக் கொழுந்தெடுத்து இந்தத் தோட்டங்களை நிறுத்தியதே பெண்கள்தான். ஆனாலும் 1984 வரை ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், அவர்களுக்கு அதைவிடக் குறைவு. அந்தக் காசையும் அப்பாவோ புருஷனோ போய் வாங்கிவந்த வீடுகள் எத்தனையோ. அப்போது எந்த ஆணையும் யாரும் குந்தித் தின்கிறான் என்று சொல்லவில்லை.

எங்கள் அம்மா விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, தம்பியைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுவார். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. அன்றைய கணக்கு முடிந்தால் மத்தியானமே வீடு, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாய்ந்திருப்பார். அம்மா சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு விறகையும் சுமந்துகொண்டு வருவார். ஒருமுறை அம்மா மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். அந்த இரண்டு வாரமும் தம்பியின் துணியை அப்பாதான் துவைத்தார். ஆனால் பகலில், எல்லோரும் தண்ணீருக்கு வரும் பீலிக்கரைக்குப் போகமாட்டார். லயத்தில் விளக்கெல்லாம் அணைந்த பிறகு இருட்டில் போவார். நான் லாம்பு பிடிப்பேன். யாராவது வரும் சத்தம் கேட்டால், 'லாம்ப மறை' என்பார். நல்ல மனிதர், தம்பி. சொந்தப் பிள்ளையின் துணியை ஒளிந்து துவைக்க வேண்டியிருந்ததே என்று இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

நீங்கள் பகலில் துவைக்கிறீர்கள். பேச்சு வரத்தான் செய்யும். அரசாங்கமே தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 நாள் லீவு கொடுத்துவிட்டு, தன் கீழ் வேலை செய்யும் தகப்பனுக்கு 3 நாள்தானே கொடுக்கிறது. லயத்துக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கேட்பவரிடம் 'மகளைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள், அது போதும். சிலர் உங்களைத் தலையில் தூக்கி வைத்தும் பேசுவார்கள். அப்போது பக்கத்துக் காம்பராவில் இதே வேலையோடு கொழுந்தும் எடுக்கிற அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கடையில் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பிடித்திருந்தால் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும் மாதாமாதம் சேர்ந்திருக்கும். வேலையை விட்டதோடு அது நின்றுவிட்டது. வீட்டோடு இருந்துவிட்ட பெண்கள் வயதான காலத்தில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மனைவியின் சம்பளத்தில் ஒரு தொகையை உங்கள் பெயரில் மாதாமாதம் போட்டு வையுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், அது குடும்பத்துக் காசு.

அப்புறம் அந்த பிஸ்னஸ் கதை. தங்கச்சிமேல் கோபப்படாதீர்கள். 'புருஷனை வீட்டில் போட்டு வைத்திருக்கிறாள்' என்ற பேச்சு அவரைத்தான் முதலில் சுடும். ஆனால் அந்தப் பொய்யை வளரவிட வேண்டாம், நாளைக்கு மகளும் அதையே சொல்லப் பழகிவிடுவாள். சனிக்கிழமை பிள்ளை தூங்கியதும் இரண்டு பேருமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுங்கள். பிள்ளை முன்பள்ளிக்குப் போகும் வரைக்குமா, அதற்குப் பிறகும் இப்படித்தானா, உங்களுக்கு எந்த வேலைக்குத் திரும்ப ஆசை, எல்லாவற்றையும் பேசுங்கள். பாடசாலையில் என்ன சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.