ஜனவரியில கெய்ர்ன்கார்ம்ஸ்: போத்தி இருக்குன்னு நம்பி டென்டை விட்டுட்டுப் போகாதீங்க

எடின்பரோவுல வேலை பார்க்கிற ஒரு வாசகர் கேட்டிருக்கார். நாங்க மூணு பேர், ஜனவரி கடைசி வாரம் மூணு நாள் ஸ்காட்லாந்துல இருக்கிற கெய்ர்ன்கார்ம்ஸ் மலையில போத்தி (ராத்திரி ஒதுங்குற சின்ன கல் வீடு) விட்டு போத்தி நடக்கலாம்னு இருக்கோம், முதல் நாள் லின் ஆஃப் டீயில காரை விட்டுட்டு கொரவர் போத்தி, ரெண்டாம் நாள் பென் மக்டூயி ஏறி அந்தப்பக்கம் இறங்கி ஹட்சிசன் ஹட்-ங்கிற இன்னொரு போத்தி, மூணாம் நாள் லாரிக் அன் லூயி கணவாய் வழியா க்ளென்மோர். போன ஜூலையில பென் நெவிஸ் ஏறியிருக்கோம், போத்தியிலயே தங்குறதால டென்ட் எடுக்கல, வெயிட் குறையும், இது சரியா வருமா?

இந்த பிளான் ஜனவரிக்கு வேணாம்ங்க. ஜூன்ல இதே ரூட் அருமையான ரூட், நானே போங்கன்னு சொல்லுவேன். ஆனா நடக்கணும்ங்கிற ஆசையை விட வேணாம், அதே இடத்துல அதே மூணு நாள்ல வேற மாதிரி போகலாம், அதைத்தான் கீழ விவரமா சொல்றேன்.

முதல்ல டென்ட் விஷயம், ஏன்னா எனக்கு ரொம்ப பயமா இருக்கிறது அதுதான். தெரியாதவங்களுக்காக சொல்றேன், போத்தின்னா பூட்டு இல்லாத சின்ன கல் வீடு, காசு கிடையாது, புக்கிங் கிடையாது, கரன்ட் தண்ணி எதுவும் கிடையாது, 1965ல ஆரம்பிச்ச மவுன்டன் போத்திஸ் அசோசியேஷன்ல இருக்கிற தன்னார்வலர்கள் இப்படி நூறு போத்திக்கு மேல பராமரிக்கிறாங்க. கொரவர் போத்தி 1877ல மான் காவல்காரர் தங்குறதுக்காக கட்டினது, ஒத்த ரூம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆறு மணிக்கு நீங்க போய் நிக்கும்போது உள்ள ஏற்கனவே ஆள் நிறைஞ்சிருக்கலாம். அது கூட பரவால்ல, நெருக்கி உட்காந்துக்கலாம். போத்திக்கே போய் சேர முடியலன்னா என்ன பண்ணுவீங்க?

1971 நவம்பர்ல இதே மலையில எடின்பரோ ஸ்கூல் பசங்க ஒரு குரூப், மேல பீடபூமியில இருந்த கரன்-ங்கிற சின்ன ஷெல்டரை நம்பி கிளம்பினாங்க. பனிப்புயல்ல அதை எட்ட முடியல, வெளியவே மாட்டிக்கிட்டு அஞ்சு பசங்களும் கூடப்போன ஒரு பயிற்சி லீடரும் இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் பெரிய விவாதம் நடந்து 1975ல அந்த ஷெல்டரையே எடுத்துட்டாங்க, அவ்வளவு உயரத்துல ஒரு ஷெல்டர் இருக்குன்னாலே அதை நம்பி ஆளுங்க போகக்கூடாத நாள்லயும் போறாங்கன்னு. உங்க ரெண்டாம் நாள் பிளானை படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. அதனால டென்ட் கண்டிப்பா எடுங்க, குளிர்காலக் காத்து தாங்குற டென்டா எடுங்க, அது போக மூணு பேரும் உள்ள உட்கார்ற மாதிரி ஒரு குரூப் ஷெல்டர் (எல்லாரும் தலைக்கு மேல போர்த்திக்கிற துணிக்கூடு), அரை கிலோ கூட வராது. ஸ்காட்லாந்துல 2003 சட்டப்படி பெரும்பாலான இடத்துல டென்ட் போட்டு தங்க உரிமை இருக்கு, அதனால அனுமதி பிரச்சனையும் இல்ல.

அடுத்தது வெளிச்சம். ஜனவரி கடைசியில அங்க காலைல எட்டேகாலுக்கு மேலதான் விடியும், சாயந்திரம் நாலு, நாலரைக்குள்ள இருட்டிடும், ஆக கையில எட்டு மணி நேரம். இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. நேஸ்மித்-ங்கிற ஸ்காட்லாந்து மலையேறி 1892ல சொன்ன கணக்கு இன்னைக்கும் எல்லாரும் பயன்படுத்துறதுதான், அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அது போக 600 மீட்டர் ஏத்தத்துக்கு ஒரு மணி நேரம். உதாரணத்துக்கு, கொரவர்ல இருந்து லாரிக் க்ரூ கணவாய் வழியா கோய்லம்பிரிட்ஜ் வரைக்கும் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், கணவாய் உச்சி 835 மீட்டர், ஏத்தம் முன்னூறு மீட்டர் கிட்ட, கணக்குப்படி நாலு மணி நேரம்தான் வரும். ஆனா இது கோடைக்கால கணக்கு. முழங்கால் புதையுற பனி, முதுகுல பதினஞ்சு கிலோ, கணவாய் உச்சியில இருக்கிற பாறைக் குவியல் மேல பனி மூடி எங்க கால் வெச்சாலும் இடுக்குல இறங்குதுன்னா அது எட்டு மணி நேரம் ஆயிடும், அதாவது இருக்கிற மொத்த பகலும் போச்சு. வழியில ஒரு கணவாய் மட்டும் இருக்கிற நாளே இப்படின்னா, 1309 மீட்டர் மக்டூயி ஏறி இறங்குற உங்க ரெண்டாம் நாள் எப்படி இருக்கும்னு பாருங்க. அந்த பீடபூமியில மேகம் இறங்கிட்டா தரையும் வானமும் ஒரே வெள்ளை, எது விளிம்புன்னு தெரியாது, விளிம்புல காத்து கட்டின பனி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அது மேல கால் வெச்சா அப்படியே உடையும். பக்கத்துல கெய்ர்ன் கார்ம் உச்சியில 1986 மார்ச்ல மணிக்கு 173 மைல் காத்து பதிவாகியிருக்கு. பென் நெவிஸ் ஜூலையில ஏறினது நல்ல விஷயம்தான், ஆனா இந்த வேலைக்கு அது அனுபவமாகாதுங்க.

மூணாம் நாள்லயும் ஒரு சிக்கல் இருக்கு, லாரிக் அன் லூயி வழியில ஃபோர்ட்ஸ் ஆஃப் ஏவன்ல ஆத்தைக் கடக்க பாலம் கிடையாது, தண்ணிக்குள்ளதான் இறங்கணும். திடீர்னு வெயில் அடிச்சோ மழை பேஞ்சோ பனி உருகினா அந்த ஆறு ஏறிடும், அப்ப இந்தப்பக்கமே நிக்க வேண்டியதுதான். அங்க ஒரு சின்ன மரக் கூண்டு இருக்கு, அது அவசரத்துக்கு ஒதுங்க மட்டும்தான், ராத்திரி தங்க கணக்குல எடுக்காதீங்க.

சரி, நான் என்ன சொல்றேன்னா, முதல் நாள் லின் ஆஃப் டீயில இருந்து டெர்ரி லாட்ஜ் பக்கம் பாப் ஸ்காட்ஸ் போத்தி வரைக்கும் மட்டும், அஞ்சு கிலோமீட்டர்தான், வண்டித்தடம், மதியமே போயிடலாம், டென்ட் போட இடமும் இருக்கு. அன்னைக்கு ராத்திரியே உங்க தூக்கப்பை பத்துமா, அடுப்பு எரியுதா, யாருக்கு கால் கொப்புளிக்குதுன்னு எல்லாம் தெரிஞ்சிடும், சரியில்லன்னா காலைல ரெண்டு மணி நேரத்துல காருக்கு வந்துடலாம். ரெண்டாம் நாள் வானிலை நல்லா இருந்தா மட்டும் லூய்பெக் பாலம் வழியா கொரவர், கோடைப் பாதைல ஓடையைத் தாண்டுற இடத்துக்கு கொஞ்சம் மேல அந்தப் பாலம் இருக்கு, சுத்துன்னு நினைக்காம அதுலயே போங்க. மூணாம் நாள் வந்த வழியே திரும்பி வாங்க. லாரிக் க்ரூ தாண்டி அந்தப்பக்கம் இருக்கிற ஏவியமோர் ஊருக்குப் போகணும்னு ஆசை வரும், ஆனா கார் இந்தப்பக்கம் நிக்குது, ரோட்டுல சுத்தி வந்தா நூறு கிலோமீட்டர் கிட்ட வரும், அதுலயும் காக்பிரிட்ஜ் - டொமின்டூல் ரோடு பனி விழுந்தா முதல்ல மூடுற ரோடுகள்ல ஒண்ணு. வேற யாராவது இன்னொரு வருஷம் அந்தப்பக்கம் போனா, சாலமெய்ன் கேப் குறுக்கு வழியில குளிர்காலத்துல போகாம ரொத்திமர்கஸ் காட்டு வழியா இறங்கச் சொல்லுங்க. சாலமெய்ன் கேப் பெரிய சிகரம் கூட இல்ல, சின்ன இடுக்குதான், ஆனா 2013 பிப்ரவரியில அங்க பனிச்சரிவுல மூணு பேர் இறந்தாங்க.

பனிச்சரிவுன்னதும் சிகரம் ஏறுறவங்களுக்கு மட்டும்னு நினைச்சுக்கறாங்க. 30ல இருந்து 45 டிகிரி சரிவு உங்க தலைக்கு மேல இருந்தா போதும், நீங்க கீழ பாதையில நடந்தாலும் அது உங்க பிரச்சனைதான். ஸ்காட்டிஷ் அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் குளிர்காலத்துல தினமும் வடக்கு கெய்ர்ன்கார்ம்ஸ், தெற்கு கெய்ர்ன்கார்ம்ஸ்னு தனித்தனியா அறிக்கை போடுது, ரெண்டையும் பாருங்க. ஆபத்து எந்த அளவுன்னு சொல்ற நம்பரை மட்டும் பார்க்காதீங்க, எந்தத் திசை பார்த்த சரிவுன்னு படிங்க, காத்து எந்தப்பக்கத்துல இருந்து அடிச்சதோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் பனி குவியும். காத்துக்கு மவுன்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் பாருங்க, போன்ல இருக்கிற சாதாரண வெதர் ஆப் ஊருக்கு சொல்றது, மலைக்கு உதவாது.

ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடாலி) கிராம்பானும் (ஷூ அடியில மாட்டுற இரும்புப் பல்) வாங்கிட்டா ஆச்சுன்னு இல்ல, வழுக்கும்போது ஆக்ஸை வெச்சு நிறுத்த கத்துக்கிட்டிருக்கணும், க்ளென்மோர் லாட்ஜ்ல வின்டர் ஸ்கில்ஸ் கோர்ஸ் நடக்குது, பயணத்துக்கு முன்னாடி மூணு பேரும் அதுல சேர்ந்துடுங்க, இந்த மொத்த பதில்ல நான் ரொம்ப வலியுறுத்துறது அதுதான். ஷூ மேல மாட்டுற ரப்பர் ஸ்பைக் பூங்காவுல நடக்கத்தான் சரி.

ஸ்காட்லாந்து குளிர் ஈரக் குளிர், பூஜ்யம் டிகிரியைச் சுத்தியே இருக்கும், பனியும் மழையும் கலந்து பேயும், அதனால காட்டன் எதுவும் வேணாம், பனியன் உட்பட. வேர்க்கற மாதிரி நடக்காதீங்க, நின்னதும் அந்த ஈரம்தான் நடுங்க வைக்கும். சாதாரண பியூட்டேன் கேஸ் பூஜ்யத்துக்குக் கீழ எரியாது, புரோப்பேன் கலந்த வின்டர் கேஸ் கேட்டு வாங்குங்க. ராத்திரி தண்ணி பாட்டிலை தலைகீழா வைங்க, ஐஸ் மேல்பக்கம்தான் முதல்ல கட்டும், காலைல மூடிப்பக்கம் தண்ணியா இருக்கும். சாப்பாட்டுக்கு வெந்நீர் மட்டும் ஊத்துற ரெடிமேட் உப்புமா, சப்பாத்தி, நெய், கடலை மிட்டாய் எல்லாம் நல்லாவே வேலைக்காகும், கடலை மிட்டாயை மட்டும் வீட்டுலயே சின்ன துண்டா உடைச்சு ஜாக்கெட் பாக்கெட்ல போட்டுக்கங்க, க்ளவுஸ் கழட்டி கவர் பிரிக்கிற நேரத்துல விரல் மரத்துடும். போத்தியில விறகு இருக்காது, மரத்தை வெட்டவும் கூடாது. குப்பை முழுக்க திரும்ப உங்க பையில.

கிளம்புறதுக்கு முன்னாடி மூணு பேரும் போன்ல 999க்கு ரெஜிஸ்டர்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி மெசேஜ் அனுப்பி பதிவு பண்ணிக்கங்க, பேச சிக்னல் பத்தாத இடத்துல சில சமயம் மெசேஜ் மட்டும் போகும். கூப்பிட்டா போலீஸ் கேளுங்க, அவங்ககிட்ட மவுன்டன் ரெஸ்க்யூன்னு சொல்லுங்க. எடின்பரோவுல இருக்கிற ஒரு நண்பர்கிட்ட எழுத்துல கொடுத்துட்டுப் போங்க: எந்த வழி, எங்க தங்கல், கார் நம்பர், ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குள்ள நாங்க கூப்பிடலன்னா நீ போலீசுக்குப் போன் பண்ணணும்னு. பள்ளத்தாக்குல பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது, அதனால அந்த நேரத்தை ரெண்டு மூணு மணி நேரம் தள்ளியே வைங்க.